டப்பா பக்தவச்சலம்

மனுஷர்களில் ஒரு தினுசு உண்டு. நீங்கள் கேட்காமலே உங்கள் வயிற்றுக்காகக் கவலைப்படுகிறவர்கள். திருத்தணியில் அந்தத் தினுசுக்குத் தலைவர் எங்க பக்தவச்சலம். என் சின்ன மாமனாரின் மூத்த மகன், எனக்கு மச்சினர் முறை.

மலைப்படியில் நீங்கள் மூச்சு வாங்கி நின்றாலும் சரி, அரக்கோணம் ரயிலில் இடம் கிடைக்காமல் தொங்கினாலும் சரி, சாவு வீட்டில் துக்கம் விசாரித்துக்கொண்டு இருந்தாலும் சரி, பக்கத்தில் வந்து, சட்டைப் பையிலிருக்கும் டப்பாவைத் தட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி ஒரே கேள்விதான் கேட்பார்.

"காலையில போச்சா?"

போச்சு என்றால், முழுசாகவா என்பார். இல்லை என்றால் அவர் முகத்தில் கார்த்திகை தீபம். தலைவலியா, முழங்கால் வலியா, மருமகளோடு சண்டையா? எல்லாம் நார்ச்சத்து இல்லாத கோளாறு. இசப்கோல் உமி ஒரு ஸ்பூன், தண்ணீர் ஒரு டம்ளர். ஆனால் கலந்த உடனே குடித்துவிட வேண்டும். விட்டால் கூழாகக் கட்டிக்கொள்ளும்.

போன தை மாசம் அவர் மகள் தமிழ்செல்வியைப் பெண் பார்க்கப் பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்தார்கள். பையன் அரசுக்கும் அவளுக்கும் ஏற்கெனவே பிடித்துப்போயிருந்தது. பையனின் அப்பா, விசைத்தறி வீராசாமிதான் பிடி கொடுக்கவில்லை. சம்மதம் சொல்லும்வரை பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பதில் அவர் கெட்டி. கேசரி ஆறியது. காப்பியில் ஆடை படிந்தது. கடைசியில், ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியாது? சமையலறை வாசலில் தமிழ்செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது.

பக்தவச்சலம் அதைப் பார்த்தாரா? அவர் பார்த்தது, வீராசாமி நாற்காலியில் நெளிகிற நெளிவை.

"எத்தினி நாளாச்சிங்க?"

பக்தவச்சலத்தின் சம்சாரம் சந்திரா தலையில் அடித்துக்கொண்டாள். வீராசாமி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "நாலு நாளுங்க" என்றார். "தறிய உட்டுட்டு நகர முடியல."

டப்பா திறந்தது. உமி விழுந்தது. ஸ்பூன் சுழன்றது.

"யோசிக்காதீங்க, கட்டிக்கும். சட்டுனு குடிங்க."

வீராசாமி யோசிக்கவில்லை. ஒரே மடக்கு. டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் கூடமே தன் கையைப் பார்ப்பதைக் கவனித்தார்.

"கை நனைச்சிட்டீங்களே, சம்பந்தி" என்றேன் நான்.

"அது மருந்துங்க" என்று இழுத்தார்.

அதற்குள் சந்திரா இன்னொரு டம்ளரோடு வந்து நின்றாள். "மேல தண்ணி குடிக்கணும்ணா. இல்லாங்காட்டி தொண்டையிலயே நின்னுடும். இது மருந்து இல்ல, எங்க ஊட்டுத் தண்ணி."

அரசு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். வீராசாமி குடித்தார். அன்றைக்கே தட்டு மாற்றினோம். வைகாசியில் கல்யாணம், தாம்பூலப் பையில் தேங்காயோடு ஆளுக்கொரு டப்பா.

சிரியுங்கள், தாராளமாக. ஆனால் படிக்கும்போது நடுவில், "வெந்நீர்ல கலந்திருக்கணும்" என்று உங்கள் வாய் முணுமுணுத்ததா? அப்படியானால் உங்கள் சட்டைப் பையை ஒரு தடவை தட்டிப் பாருங்கள்.