லிஸ்ற் அண்ணையின் ஒன்பது செயலிகள்

உலகத்தில் இலவசமாகக் கிடைக்கும் குறிப்புச் செயலிகள் எல்லாவற்றுக்கும் ஒரே குறைதான்: அவற்றைச் செய்தவர்கள் லிஸ்ற் அண்ணையைக் கேட்காமல் செய்துவிட்டார்கள். இது அவருடைய கருத்து. ஒரு வருடம் அவருக்குத் தொழில்நுட்ப உதவி செய்தபின் என்னுடைய கருத்தும் அதுவே.

கிழமையில் இரண்டு நாள் அவர் நெடுந்தீவில் காலைப் படகேறி, குறிகட்டுவானில் பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போவார். பின்னேரப் படகில் முப்பது வீட்டுச் சாமான்களுடன் திரும்புவார். தண்ணீர் மோட்டருக்கு வாசர், மாட்டுக்குப் புழு மருந்து, பிறந்தநாள் மெழுகுதிரி என்று எல்லாம் ஒரு மட்டைத் துண்டில் எழுதியிருக்கும்; அந்த லிஸ்றால்தான் அவருக்கு அந்தப் பெயர். ஒருநாள் அலையொன்று மட்டையைக் கொண்டுபோனது. மறுநாள் போனும் கையுமாக என்னிடம் வந்தார். நான் கணினி படித்தவள்; தீவில் ஒரு பாடசாலையில் அதையே படிப்பிக்கிறேன்.

முதலாவது செயலி இரண்டு நாள் தாங்கியது.

"பிள்ளை, இது நடுக்கடலிலை பாஸ்வேட் கேக்குது. சிக்னலும் இல்லை. நான்தான் நானெண்டு ஆர் சாட்சி சொல்லுறது, மீனோ?"

இரண்டாவது, குரலைப் பதியும் செயலி. சனம் சொல்லிவிட்டதையெல்லாம் படகில் ஏறியபின் தன் குரலில் அதில் பதிந்தார். யாழ்ப்பாணத்தில் இரும்புக்கடை வாசலில் நின்று போட்டுக் காட்டினால் படகு எஞ்சின் மட்டும் 'டுடுடு' என்று இரைந்தது. கடைக்காரர் பொறுமையாகக் கடைசிவரை கேட்டாராம். "எஞ்சின் சாமான் அடுத்த கடையிலை, அண்ணை."

மூன்றாவது என் யோசனை. எல்லா வீட்டாரும் தங்கள் போனிலிருந்தே எழுதக்கூடிய பொதுப் பட்டியல். மதியம் சந்தையில் அண்ணை அதைத் திறந்தபோது ஐந்தாவது பொருள் இப்படி இருந்தது: 'உங்கட மாடு எங்கட பயித்தங்கொடியைத் திண்டிட்டுது.' ஆறாவது: 'வேலியை ஒழுங்கா அடையும்.' ஏழு முதல் இருபத்திரண்டு வரை அச்சில் ஏற்ற முடியாதவை. சவர்க்காரம் கேட்டவர் இருபத்துமூன்றாவதாக இருந்தார்.

இப்படியே ஒன்பது சேர்ந்தன. நான் ஓர் அட்டவணை போட்டேன். சிக்னல் இல்லாமல் இயங்குமா, தமிழில் தேடலாமா, எதுவரை இலவசம், வெயிலில் எழுத்துத் தெரியுமா என்று நான்கு நிரல்கள். ஒன்றுக்கு மட்டும் நான்கிலும் சரி விழுந்தது.

"அட்டவணை வடிவா இருக்கு," என்றார். "ஆனா பிள்ளை, ஒண்டை வைச்சிட்டு மிச்சத்தை அழிச்சா, அழிச்சதுதான் நல்லதெண்டு பிறகு மனம் சொல்லும்."

ஒன்பதும் இருந்தன. எதை எதில் எழுதினார் என்பது அவருக்கும் தெரியாது. மெழுகுதிரி கேட்ட வீட்டுக்குப் புழு மருந்து போன கதையை நான் இங்கே விரிக்கவில்லை.

சோழகக் காற்று எழும்பிய ஒரு கிழமை, என் அப்பாவின் இன்சுலின் இரண்டு நாளுக்குத்தான் மிச்சமிருந்தது. அவர் போடும் வகையை யாழ்ப்பாணத்தில்தான் வாங்க வேண்டும். மறுநாளிலிருந்து படகு ஓடாது என்று பேச்சு. எனக்குப் பாடசாலையில் பரீட்சை, போக முடியவில்லை. அண்ணையிடம் சொல்லி அனுப்பினேன். பிறகுதான் அந்த ஒன்பதும் நினைவுக்கு வந்தன. பகல் முழுக்க அவருடைய போனுக்குத் தொடர்பு கிடைக்கவில்லை.

பின்னேரம் இறங்குதுறையில் நின்றேன். படகு ஆடி ஆடி வந்து சேர்ந்தது. தலை முதல் கால்வரை நனைந்திருந்த அண்ணை, சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்கை எடுத்து நீட்டினார்.

"இந்தாரும், அப்பாவின்ர மருந்து. ஐஸ் போட்டுக் கொண்டந்தனான்."

"எங்கட வாசர் எங்கை?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "சவர்க்காரம்?" என்றார் இன்னொருவர். அன்று பாதிச் சாமான் வந்திருக்கவில்லை.

"சனம் பேசுது பிள்ளை, இனி ஏலாது," என்று போனை என் கையில் வைத்தார். "நல்லதொண்டை விட்டிட்டு மிச்சம் எட்டையும் அழிச்சுவிடும்."

அழிக்குமுன் உள்ளே இருப்பதை ஓரிடத்துக்கு மாற்றுவது என் வழக்கம். முதலாவதைத் திறந்தேன். முதல் வரி: 'ரீச்சரின்ர அப்பாவுக்கு இன்சுலின்.' இரண்டாவதில் எஞ்சின் இரைச்சலுக்கு மேலால் அவருடைய குரல் அதையே முதலில் கத்தியது. ஒன்பதிலும் இருந்தது.

"ஏன் அண்ணை எல்லாத்திலையும்?"

"மற்றச் சாமான் மறந்தா சனம் பேசும், அவ்வளவுதானே," என்றார், தலையைத் துவட்டிக்கொண்டு. "சரி, எது நல்லது?"

"எல்லாம் நல்லது அண்ணை," என்று போனைத் திருப்பிக் கொடுத்தேன்.