முன்வரிசையில் இருந்த காதுகள்

பயம் வந்தால் சிலருக்கு வாய் உலரும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கு வாய் நீளும். (என்ர கல்யாணத்தன்று பயத்தில் பீடத்தடியில் நின்றே ஃபாதரோடு காலநிலை கதைத்தவன் நான்.)

நோர்வேயில், ரொம்சோஸில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஒரு கால்பந்துக் கழகம். மகள் தாரணி அதில் விளையாடுகிறாள், பதினாறு வயது. கழகத்தின் ஆண்டுவிழாவுக்கு முன் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் நோர்வேயின் தேசிய அணியைப் பழக்கிய முன்னோடி ஒருவர் இந்தப் பக்கத்தில் வாழ்ந்தவராம். அவரைப் பற்றிப் பேச ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். எல்லாரும் குனிந்து தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். அந்த அமைதி எனக்குப் பயத்தைத் தந்தது. பயம் வந்தால் என்ன நடக்கும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

"நான் பேசுறன்."

வீட்டில் தாரணி என்னை முறைத்தாள். "அப்பா, அங்கை வந்து மானத்தை வாங்கினீங்களெண்டால், பிறகு என்ர ஒரு மாட்சுக்கும் வரக்கூடாது. ஒண்டுக்கும்!"

வாரம் முழுக்க நான் உயிரோடு நடமாடுவதே அவளுடைய மாட்ச் பார்க்கத்தான், அவர்கள் தோற்றாலும்.

அதனால் விழுந்து விழுந்து படித்தேன். படிக்கப் படிக்க அந்த மனிதரில் எனக்குக் காதலே வந்துவிட்டது. பகலில் மர ஆலையில் வேலை, பின்னேரம் தேசிய அணி. விளையாடுகிறவர்களைத் தெரிவு செய்வது கோட் போட்ட ஒரு குழு. தோற்றால் ஏச்சு வாங்குவது மட்டும் இவர். பந்தை வானத்துக்கு அடித்துக்கொண்டிருந்தவர்களைத் தரையிலே கொடுத்து விளையாட வைத்தார். பனி மைதானத்தை மூடினால், பனிச்சறுக்குக் கட்டையோடு ஆட்களைக் காட்டுக்குள் விரட்டினார். 'பயம் என்றால் என்னவென்றே அறியாதவர்' என்று என் பேச்சில் எழுதிவைத்தேன்.

படம் ஒன்று வேண்டுமே? கழகத்தின் சாமான் அறையில் கிடைத்தது. கறுப்பு வெள்ளை. தொப்பி, நீளக் கோட், கழுத்தில் விசில், சுளகு போல அகன்ற இரண்டு காதுகள். வேறு யாராக இருக்கும்? ஒருவரையும் கேட்கவில்லை.

எங்கட ஆட்களின் விழா எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பூப்பந்துப் போட்டி என்றாலும் முதலில் மறைந்தவர் ஒருவரின் படத்துக்கு மாலை, பிறகு எல்லாரும் எழும்பி ஒரு நிமிட அகவணக்கம். அது இல்லாமல் மைக்கைத் தொட எனக்குக் கை வராது. மனைவி ரஜனி வெள்ளைப் பூ கட்டித் தந்தாள்.

"இது அங்கை சரிவருமோ?"

"மரியாதை எங்கையும் மரியாதைதானே!"

விழாவன்று மேடைக்கு ஏறினேன். படத்துக்கு மாலையைப் போட்டேன். அதோடு விட்டிருந்தால் அலங்காரம் என்று நினைத்திருப்பார்கள். வாய் விடவில்லை. "எங்கள் வழக்கத்தில் இறந்தவர்களின் படத்துக்குத்தான் இப்படி மாலை போடுவோம்" என்று நோர்வே மொழியில் விளக்கினேன். "இந்தப் பெரிய மனிதர் இன்று நம்மோடு இல்லை. அவருக்காக ஒரு நிமிடம் எழும்பி நிற்போம்."

மண்டபமே எழும்பியது. முன்வரிசையில் தொண்ணூறைத் தொடும் கிழவர் ஒருவர், ஊன்றுகோலைப் பிடித்துக் கடைசியாக எழும்பினார். தலையைக் குனிந்தார். அப்போதுதான் கண்டேன்.

காதுகள்.

படத்தைப் பார்த்தேன். கிழவரைப் பார்த்தேன். மறுபடி படத்தை. அதே சுளகுகள். தம்பியோ? ஆவியோ? நிமிடம் முடிந்தது, முடிக்க எனக்குத் துணிவில்லை. முடித்தால் அடுத்தது ஏதோ நடக்குமே! அமைதி நீண்டுகொண்டே போனது. யாரோ இருமினார்கள். பின்வரிசையில் தாரணி ஜாக்கெட்டைத் தலைக்கு மேலால் இழுத்து மூடிக்கொண்டாள்.

கழகத் தலைவி இங்கிரிட் மெல்ல வந்து காதுக்குள் கேட்டார்: "இனி உட்காரலாமா? ஆர்னேக்குக் கால் வலிக்கிறது."

"யார் ஆர்னே?"

"படத்தில் இருப்பவர்."

பயிற்சியாளரின் மகனாம். முந்தி ஒரு விழாவில் அப்பாவின் கோட்டையும் தொப்பியையும் போட்டு, அப்பாவாகவே நடித்தாராம். அந்தப் படந்தான் இது.

"ஏன் முதலே சொல்லவில்லை?"

"உங்கள் வழக்கமாயிற்றே, குறுக்கிடக் கூடாது என்று நினைத்தோம். ஆர்னேயே எழும்பிவிட்டார்!"

ஆர்னே மேடைக்கு ஏறி வந்தார். படத்திலிருந்து மாலையைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, என் கையிலிருந்து மைக்கையும் பேச்சு எழுதிய தாளையும் வாங்கி, தாளில் கண்ணை ஓட்டினார்.

"ஒரு திருத்தம்" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "அப்பா பயம் அறியாதவர் இல்லை. ஆட்டம் தொடங்கினால் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். கோல் விழுந்ததா என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்பார்."

மண்டபம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்த மனிதரில் இன்னும் கொஞ்சம் காதல் கூடிவிட்டது.

வீட்டு வாசலில் வைத்துத் தாரணி தீர்ப்புச் சொன்னாள்: "மாட்சுக்கு வரலாம். ஆனால் அந்தக் கோச் மாதிரித்தான்."

"எப்பிடி?"

"முதுகைக் காட்டிக்கொண்டு. ஒரு சொல்லும் கதைக்காமல்."

இன்றைக்கும் நான் போனை எடுக்கப் பிந்தினால், "மாலை கட்டட்டோ?" என்று ரஜனி செய்தி அனுப்புகிறாள். சனிக்கிழமைகளில் மைதான ஓரத்தில், மகளுக்கு முதுகைக் காட்டி, எதிரே உள்ள மாடிக் கட்டடங்களின் யன்னல்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பக்கத்தில் மடக்குக் கதிரையில் ஆர்னே. ஆரவாரம் கேட்கும்போதெல்லாம் தடையை மீறி, "கோலா? யாருக்கு?" என்று அவரிடம் கிசுகிசுப்பேன்.

"எனக்கெப்படித் தெரியும்?" என்பார் ஆர்னே. "நான்தான் இறந்துவிட்டேனே."