கமா அண்ணை கேட்காமல் வாங்கிய தவணை

கொழும்பில் உண்மை பேசுகிறவர்கள் நூறு பேராவது இருப்பார்கள். கேட்டதை ஒரு கமாகூடக் குறையாமல் திருப்பிச் சொல்லுகிறவர் ஒரே ஒருவர்தான். பெற்றோர் அவருக்கு என்ன பெயர் வைத்தார்களோ, எனக்குத் தெரியாது. புதுக்கடை நீதிமன்றத்தில் பியோன் முதல் வாதாடும் அப்புக்காத்து வரை எல்லாருக்கும் அவர் கமா அண்ணை.

நான் பத்திரிகைக்கு நீதிமன்றச் செய்தி எழுதிய நாட்களில் அவர் அங்கே மொழிபெயர்ப்பாளர். சிங்களத்தில் நடக்கும் வழக்கை எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, தமிழிலும், எதிரி சொல்வதை நீதவானுக்குச் சிங்களத்திலும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் சுருக்கிச் சொல்லுவார்கள். இவர் இருமலையும் விடமாட்டார். கொட்டாஞ்சேனையில் நடந்த ஒரு வாடகை வீட்டுச் சண்டை வழக்கில், "ஏசினார் என்று எழுதினால் போதும்" என்றார் சட்டத்தரணி. கமா அண்ணை அசையவில்லை. "மொத்தம் ஏழு வசவு, ஐயா. ஆறுதான் சொல்லியிருக்கிறேன்." ஏழாவதைக் கேட்ட நீதவான் தண்ணீர் குடித்தார்.

உத்தியோகம் வீட்டுக்கும் வந்துவிட்டது. வெள்ளவத்தை மாக்கற்றில் அவர் மனைவி பாரை மீனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறார். மீன்காரர் சிங்களத்தில் முணுமுணுத்தார். கமா அண்ணை உடனே, "உம்மட முகத்துக்குப் பாரை வேண்டாம், நெத்தலியே காணுமாம்" என்றார். மனைவி தமிழில் முணுமுணுத்ததும் அப்படியே சிங்களத்தில் மீன்காரருக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று வீட்டில் மரக்கறிச் சோறு.

"இந்த மனிசன் வாறதெண்டா இனி நான் மாக்கற்றுக்கு வரமாட்டன்!" என்று அவர் மனைவி என்னிடமே முறைப்பாடு செய்தார்.

மாரிமுத்துவின் வழக்கு அப்போதுதான் வந்தது. மாரிமுத்து ஹற்றன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்து, கொச்சிக்கடையில் மூட்டை தூக்குகிறவர். கிடங்கில் பால்மாப் பெட்டிகளைத் திருடினார் என்று வழக்கு. வழக்கில் தோற்றால் மறியல், சிறைதான். விசாரணை நாளன்று விடியற்காலையில் அவருடைய சட்டத்தரணி நெஞ்சுவலியோடு களுபோவில ஆசுபத்திரியில் படுத்துவிட்டார். செய்தி வந்தது, வைத்தியரின் கடிதம் வரவில்லை.

நீதவானையும் குறை சொல்ல முடியாது. ஒரே மாமனாரின் செத்தவீட்டுக்கு மூன்று முறை வழக்கைத் தள்ளிவைக்கத் தவணை கேட்ட சட்டத்தரணிகளைப் பார்த்தவர் அவர். "கடிதம் இல்லாத நெஞ்சுவலிக்குத் தவணை இல்லை. சாட்சி வந்திருக்கிறது. எதிரியே குறுக்குக் கேள்வி கேட்கட்டும்" என்றார்.

கமா அண்ணை அதைத் தமிழில் சொன்னார். மாரிமுத்து கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி ஏதோ சொன்னார். காதோடு சொன்னதைக் கேட்ட நல்ல மனிதர் எவராயிருந்தாலும் அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வார். கமா அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு சிங்களத்தில் உரக்க ஆரம்பித்தார்.

"எதிரி சொல்வது, ஐயா: நான் என்னத்தைக் கேட்பேன், வழக்குப் பேப்பர் எதையும் யாரும் எனக்கு வாசித்துக் காட்டவில்லை, எல்லாம் லோயர் ஐயாவிடம் இருக்கிறது. மேலும் சொல்கிறார்: இதை நீதவான் துரையிடம் சொல்லிவிடாதீர்கள், கோபிப்பார்."

மன்றம் சிரிப்பில் அதிர்ந்தது. நீதவான் சிரிக்கவில்லை.

"நான் கோபிப்பேன் என்று ஏன் நினைக்கிறார்?"

கமா அண்ணை அதைத் தமிழில் கேட்டார். மாரிமுத்து தலையைக் குனிந்துகொண்டே, "இப்பவே கோவமாத்தானேங்க இருக்காரு" என்றார். அதுவும் ஒரு சொல் குறையாமல் மேடைக்குப் போனது.

நீதவான் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, "என்னிடம் வாய் திறக்கவே பயப்படுகிறவர் பொலிஸ் சாட்சியை எப்படிக் கேள்வி கேட்பார்? இரண்டு வாரம் தவணை. பேப்பர்களை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும்" என்றார்.

வாசித்துக் காட்டியது யார் என்று சொல்லத் தேவையில்லை. திருட்டு நடந்த நாளில் மாரிமுத்து வேலைக்கே வரவில்லை என்பது அந்தப் பேப்பர்களோடு இருந்த கிடங்கின் வரவுப் பதிவில் தெரிந்தது. அந்தப் பக்கத்தை வாசித்ததும் மாரிமுத்து, "அன்னைக்கு நா தோட்டத்துலங்க!" என்று கத்தியிருக்கிறார். குணமாகி வந்த சட்டத்தரணி அதைப் பிடித்துக்கொண்டார். மாரிமுத்து விடுதலை.

வெளியே தேத்தண்ணிக் கடையில் கமா அண்ணையைப் பிடித்தேன். "அண்ணை, மாரிமுத்து சொல்லாதேங்கோ எண்டு கெஞ்சினவரெல்லோ. நீதவான் உள்ள தள்ளியிருந்தா?"

"எனக்கும் பயந்தான், தம்பி. ஆனா அவருக்கு அந்தக் கோர்ட்டில இருந்த வாய் நான் ஒராள்தான். அதை நானே மூடினா அந்த மனிசன் எங்க போறது?"

எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. மொழிபெயர்ப்பாளர் தேவையே இல்லை. ஆனாலும் என்றாவது ஒருநாள் அந்தக் கூண்டில் ஏற வேண்டி வந்தால், எனக்குப் பக்கத்தில் அவர்தான் நிற்க வேண்டும்.