நிஜமாவே அடிங்க, அண்ணே!

மணி அடித்து ஆட்டம் தொடங்கியும் அரங்கில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஜப்பானின் மொரியோகா ஊர் ஜனங்கள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்துகிறவர்களைப் போல மல்யுத்த ரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

 தகேஹரா மூன்று வருஷம் மெக்சிகோவில் மல்யுத்தம் செய்துவிட்டுப் போன வாரம்தான் ஊர் திரும்பியிருந்தான். அங்கே இவன் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தாலே விசில் பறக்கும்.

"இன்னிக்கு ஜனங்களுக்குப் பிடிக்கலேன்னா நம்ம குழுவுல உனக்கு இடமில்லை" என்று முதலாளி சொல்லியிருந்தார். வீட்டு நிலவரமும் சரியில்லை. சிசுருவை அவள் அப்பாவுக்குத் தெரியாமல் கட்டிக்கொண்டு மெக்சிகோவுக்கு விமானம் ஏறியவன் அவன். மாமனார் வீட்டுக் கதவு இன்னும் திறக்கவில்லை.

எதிரே வெள்ளிக் கழுகு. முகமூடி போட்ட மூத்த மல்லர். ரிங்குக்குள் வாயே திறக்கமாட்டார் என்று பெயர். அவர் தாமதமாக வந்து நேரே ரிங்கில் ஏறியதால் வணக்கம் சொல்லக்கூட நேரமில்லை.

தகேஹரா மெக்சிகோ பாணியில் காதருகே கையைக் குவித்து, சத்தம் போடும்படி கூட்டத்தைக் கேட்டான்.

முன்வரிசைக்காரர் பதறிப்போனார். "ஏன் தம்பி, காது வலிக்குதா?"

சரி, வித்தை காட்டுவோம் என்று மூலைக் கம்பத்தில் ஏறிக் குட்டிக்கரணம் அடித்து அவர் மேல் பாய்ந்தான். வெள்ளிக் கழுகு ஓரடி தள்ளி நின்றார். இவன் தொப்பென்று தரையில் விழுந்தான். யாரோ ஒரு பெண்மணி "ஐயோ பாவம்" என்றாள்.

கடைசியாக, அவர் கை ஓங்கியதுமே அடிபட்டவன் போல அலறி உருண்டான். கை இன்னும் அந்தரத்தில்தான் இருந்தது. ஜனங்கள் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

நடுவர் நெமோட்டோ பக்கத்தில் மண்டியிட்டார். "என்னய்யா கூத்து இது? இங்க உருண்டு காட்டினா எடுபடாது. வாங்கு. வாங்கிட்டு எழுந்திரு. அவ்வளவுதான்."

தகேஹரா எழுந்து, மார்பை நிமிர்த்திக்கொண்டு கெஞ்சினான். "அண்ணே, தயவுசெஞ்சு நிஜமாவே அடிங்க!"

வெள்ளிக் கழுகு கையை நன்றாகப் பின்னுக்கு இழுத்தார். பிறகு அடித்தார்.

அந்த அடியின் சத்தம் கூரை வரை போய்த் திரும்பியது. முன்வரிசைக்காரரின் தேநீர் சிந்தியது. தகேஹரா மண்டியிட்டு, பல்லைக் கடித்து எழுந்தான். இன்னொன்று. மறுபடி எழுந்தான். அரங்கில் முதல் முறையாக ஒரு முனகல் கிளம்பியது. பிறகு கால்கள் தரையைத் தட்டத் தொடங்கின.

"மூணு வருஷம்டா!" முகமூடிக்குள்ளிருந்து கரகரப்பாக ஒரு குரல். "மூணு வருஷமா இதுக்குத்தான் காத்திருந்தேன்!"

தகேஹராவுக்குக் கண் கலங்கிவிட்டது. பரதேசத்தில் கெட்டுப்போன பையன் திரும்பி வருவான், திருத்தி ஆளாக்க வேண்டும் என்று இத்தனை காலம் ஒரு மனிதர் காத்திருந்திருக்கிறார்! "நன்றிண்ணே!" என்று கத்திவிட்டு மார்பைக் காட்டினான். அடி விழுந்தது. எழுந்தான். "நன்றிண்ணே!"

தோற்றான். ஆனால் அரங்கம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. ஜனங்கள் வீசிய வண்ணக் காகிதச் சுருள்கள் ரிங்கை நிறைத்தன. முதலாளியே வந்து தோளைத் தட்டி, "அடுத்த வாரம் சென்டாய் ஊர்ல ஆட்டம். பஸ்ஸுல உனக்கு ஜன்னல் சீட்டு" என்றார்.

மார்பு வெந்த நண்டு நிறத்துக்கு வந்திருந்தது. அதைத் தடவிக்கொண்டே தகேஹரா உடைமாற்றும் அறைக்கு ஓடினான். அங்கே நெமோட்டோ மட்டும் தன் கறுப்பு டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக் கழுகு அண்ணன் எங்கே? கால்ல விழுந்து நன்றி சொல்லணும். பெத்த அப்பன்கூட இவ்வளவு அக்கறையா அடிச்சிருக்கமாட்டார்!"

நெமோட்டோ அவிழ்த்த டையைக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"அவர் வந்த ரயில் பனியில மாட்டிக்கிட்டு இன்னும் வழியிலதான் நிக்குது, தம்பி. முகமூடிக்குள்ள இருந்தது நம்ம பழைய ஆட்டக்காரர், உன் மாமனார். மனசு ஆறிடுச்சாம், ஞாயித்துக்கிழமை பொண்ணைக் கூட்டிக்கிட்டுச் சாப்பிட வரச் சொன்னார்."