கிழியாத சட்டைக்கு ஒட்டு

சினிமா பார்த்துக் கெட்டுப்போனவர்கள் ஊரில் ஆயிரம் பேர் உண்டு. சினிமா பார்த்து நல்லவனாக ஆசைப்பட்டு, அடுத்தவர் வீட்டைக் கெடுத்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

அறுபதுகளின் நடுவில் எனக்குப் பதினெட்டு வயது. தென்னூரில் அப்பாவுக்கு அரிசி மில், வாசலில் பிளஷர் கார். அப்போது வந்த காதல் படங்களிலெல்லாம் கதாநாயகன் ஏழை. பணக்காரப் பையன் என்றால் வில்லன், இல்லாவிட்டால் கோமாளி. (எனக்கு மீசை வேறு அரும்பவில்லை. வில்லனுக்கும் லாயக்கில்லை.) ஆகவே ஏழையாகிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஸ்ரீரங்கத்தில் எங்களுக்குத் துணி தைப்பவர் டெய்லர் கோவிந்தன். அவர் மகள் கமலா எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தாள். டீச்சராக வேண்டுமென்று ஆசை. மாலையில் கடையில் உட்கார்ந்து பட்டன் தைப்பாள். எனக்கு அவள்மேல் ஒரு இது. புது டெரிலின் சட்டை ஒன்றை அவள் அப்பாவிடமே கொண்டுபோய், ஒட்டுப் போடச் சொன்னேன்.

"எங்க கிழிஞ்சிருக்கு தம்பி?"

"கிழியலை. சும்மா போடுங்க."

சட்டையை வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார். "நல்ல துணிங்க. மனசு வரலீங்களே," என்றார். ஆனாலும் போட்டுக் கொடுத்தார். மில்காரர் மகன் கேட்டால் பாவம், அவர் என்ன செய்வார்?

மறுநாள் அதை மாட்டிக்கொண்டு, காரைக் காவிரிப் பாலத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து போனேன். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். கூட்டம் இருந்தால்தானே வசனம் எடுபடும்!

"கமலா, இன்னையிலேர்ந்து நானும் ஏழை. அந்தஸ்து நம்மளைப் பிரிக்காது!" என்று முழங்கினேன். (அடப்பாவி, அதற்குமுன் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை!)

அவள் முகம் வெளிறிவிட்டது. "அடுத்த மாசம் எனக்குப் பரீட்சைங்க," என்றாள். கண்ணில் நீர் முட்டி நின்றது.

கோவிந்தன் மெஷினை நிறுத்தினார். என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். கையெடுத்துக் கும்பிட்டார். "எங்களை விட்டுடுங்க தம்பி. நாலு பேரு பார்க்கிறாங்க."

மறுநாளே அவள் படிப்பை நிறுத்திவிட்டார். பரீட்சை எழுதவில்லை. மணப்பாறைப் பக்கம் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டதாக எங்கள் டிரைவர் சொன்னார். நினைத்தால் இன்றும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

எங்கள் வீட்டில் கல்யாணம், காட்சி என்று நாலு பேர் கூடினால் போதும், இந்தக் கதை வந்துவிடும். என் மனைவி எழுந்து நின்று என்னைப் போலவே வசனம் பேசிக் காட்டுவாள். பேரன்கள் புரண்டு சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். வசனத்தோடு கதை முடிந்துவிடும். அதற்கப்புறம் நடந்ததை நான் அவர்கள் யாரிடமும் சொன்னதில்லை.