ஒரு மத்தியானத்துக்கு மட்டும் சர்வாதிகாரி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெத்ராக் சர்வாதிகாரியைக் கவிழ்த்தார். சனிக்கிழமை காலையில் அவருடைய மனைவி ஒலிம்பி வீட்டைவிட்டுப் போய்விட்டாள்.

வெகுதூரம் போகவில்லை. எதிர்வீட்டில் அவள் தங்கை தெஃப்தா இருந்தாள், அங்கேதான். மாடி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, தான் போய்விட்டதைப் பெத்ராக் கவனிக்கிறாரா என்று கவனித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் கொர்ச்சா நகர நூலகத்தால் வந்த வினை. 'இப்படி நடந்திருந்தால்' என்று சனிக்கிழமை ஐந்து மணிக்கு ஒரு வாசிப்புக் கூட்டம். ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார் என்பதால் பெத்ராக்கை எழுதச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். முப்பது வருஷம் நடந்ததையே பாடம் சொன்னவர். அதிலும் பாதி, நடந்ததாக அரசாங்கம் சொல்லச் சொன்னது. நடக்காததை எழுதலாம் என்றதும் மனுஷனுக்குக் கை பரபரத்துவிட்டது.

அவர் கதையில் வருஷம் 1974. தலைவர் மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறார். காவல்படை மேஜர் ஒருவர் எட்டிப் பார்த்து, "எழுந்திருக்க வேண்டாம் தோழரே, அப்படியே தூங்குங்க" என்று சொல்லிவிட்டு வெளியே பூட்டுப் போட்டுவிடுகிறார். அவ்வளவுதான் புரட்சி. ரேடியோவில் அணிவகுப்புப் பாட்டு நின்று மாண்டலின் கேட்கிறது. எல்லை திறக்கிறது. இருபத்து நாலு வயசுப் பெத்ராக் பாரிஸுக்குப் படிக்கப் போகிறான்.

அவர் எழுதுவதில் பிழை பார்ப்பது எப்போதும் ஒலிம்பியின் வேலை. பதினோராம் பக்கத்தில் அவள் பென்சில் நின்றுவிட்டது.

"யாரு இந்த அடேலா?"

"கூடப் படிச்ச பொண்ணு. அவ குடும்பத்தையே லாரியில ஏத்தி எங்கேயோ கிராமத்துக்குத் துரத்திட்டாங்களே, சொல்லியிருக்கேனே. பாவம்னு அவளையும் பாரிஸுக்கு அனுப்பி வச்சேன்."

"அனுப்பினது சரி. அங்க வச்சுக் கல்யாணம் எதுக்குப் பண்ணிக்கிட்டீங்க?"

"கற்பனைதானே ஒலிம்பி..."

"முப்பத்தஞ்சு வருஷம் உங்களுக்குச் சமைச்சுப் போட்டிருக்கேன். இஷ்டப்படி கற்பனை பண்ணலாம்னு ஒரு சந்தர்ப்பம் கிடைச்சதும், தலைவரைக் கவிழ்த்த கையோட என்னையும் கவிழ்த்துட்டீங்க!"

பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஞாபகமாக அடுப்பிலிருந்த வெங்காயத்தாள் அடையையும் தட்டோடு எடுத்துக்கொண்டு போனாள்.

பத்து மணிக்குள் பெத்ராக் அடேலாவின் பெயரை அடித்துவிட்டு, அதே இடத்தில் ஒலிம்பி என்று எழுதினார். தெருவில் இறங்கி ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மாத்திட்டேன்! பாரிஸ்ல உன்னைத்தான் கட்டிக்கிறேன்!"

"நான் எப்படிப் பாரிஸுக்கு வந்தேனாம்? எங்கப்பா செருப்புத் தைக்கிறவர். எனக்கு யாரு சீட்டு வாங்கிக் குடுத்தாங்க?"

"வேற எங்கேயாவது சந்திச்ச மாதிரி எழுதறேன்."

"வேற எங்கேயும் வேண்டாம்." ஒலிம்பியின் குரல் கொஞ்சம் இறங்கியது. "நாம எங்க சந்திச்சோமோ, அங்கேயே எழுதுங்க. இல்லன்னா அது நான் இல்ல."

அது மண்ணெண்ணெய் வரிசை. 1981, நவம்பர், ஒரு மத்தியானம். சுண்ணாம்புச் சுவரோரமாகக் கல், செங்கல், பிய்ந்த கூடை, நூலில் கோத்த டின்கள் எல்லாம் ஆளுக்குப் பதிலாக இடம் பிடித்து நிற்கும். பெத்ராக் தன் டின்னோடு தானே நின்றார். வீட்டில் வேறு ஆள் இல்லை. பின்னால் வந்து நின்ற பெண், "சார், உங்க டின்னு ஓட்டை" என்றாள். அதுதான் முதல் வார்த்தை. அப்புறம் நாலு மணிநேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று இன்றைக்குக் கேட்டால் இருவருக்கும் தெரியாது. குளிர்கூடத் தெரியவில்லை என்பார்கள், எலும்பை நடுக்கும் கொர்ச்சா நவம்பரில்.

பெத்ராக் உள்ளே போய் உட்கார்ந்தார். அப்போதுதான் சிக்கல் புரிந்தது. 1974லேயே தலைவர் போய்விட்டால், 81ல் வரிசை ஏது? வரிசை இல்லையென்றால் ஒலிம்பி ஏது?

யோசித்து, புதிய ஆட்சியிலும் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு இருப்பதாக எழுதினார். எழுதியதைப் பக்கத்து வீட்டு வாங்கெலிடம் வாசித்துக் காட்டினார். அது இரண்டாவது தப்பு.

வாங்கெல் ஒரு வரிசையில் நின்றபோது, "கடை எப்போ திறப்பாங்க?" என்று யாரோ கேட்டதற்கு, "அந்த ஆளு போனதும்" என்று பதில் சொன்னதற்காகச் செம்புச் சுரங்கத்தில் ஏழு வருஷம் இருந்தவர். 78லிருந்து 85 வரை. பெத்ராக்கின் புரட்சியைக் கேள்விப்பட்டு நேற்றுத்தான் ஒரு பாட்டில் ராக்கிச் சாராயம் கொண்டுவந்து கொடுத்திருந்தார்.

"தலைவரைக் கவிழ்த்த பிறகும் மண்ணெண்ணெய் கிடையாதா? அப்புறம் எந்த மயித்துக்குடா கவிழ்த்தே?"

"ஒலிம்பிக்காக வாங்கெல்."

"வரிசை இருந்தா நான் அதுல நிப்பேன். நின்னா வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருப்பேனா? புது ஆட்சியும் என்னைத் தூக்கி உள்ள போடும். மாத்தி எழுது!"

பெத்ராக் மாற்றினார். புரட்சியை ஏழு வருஷம் தள்ளிப்போட்டு, 1981 டிசம்பரில் வைத்துக்கொண்டார். நவம்பரில் வரிசை, டிசம்பரில் விடுதலை. கணக்குச் சரியாக வந்தது.

"சரியா வந்துச்சா?" வாங்கெலுக்கு முகம் சிவந்தது. "என்னை 78ல பிடிச்சாங்கடா. உனக்குப் பொண்டாட்டி கிடைக்கணும்னு நான் மூணு வருஷம் சுரங்கத்துல கிடக்கணுமா? கற்பனையில கூட என்னை வெளிய விட உனக்கு மனசு வரல, இல்ல?"

ராக்கி பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கால்வாசிதான் குறைந்திருந்தது.

பெத்ராக் எழுதியிருந்த பக்கங்களை மறுபடியும் புரட்டினார். வாங்கெல் சொன்னது பொய்யில்லை. அவனுக்கு அந்த மூன்று வருஷம் வேண்டாம். எனக்கு அந்த மத்தியானம் வேண்டும். ஒரே ஆட்சியில் இரண்டையும் எப்படி வைப்பது?

மூன்று மணிக்கு நூலகத்து ராய்மொண்டா போன் செய்தாள். "சார், ஹால் நிறைஞ்சிடும் போல இருக்கு. கதை தயார்தானே?"

"தலைவர் மட்டும் இன்னும் இடத்துல உக்காரல" என்றார் பெத்ராக்.

ஐந்து மணிக்கு ஹால் நிரம்பியிருந்தது. வாங்கெல் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒலிம்பி முன்வரிசையில் தங்கையோடு இருந்தாள். தங்கைக்குக் கதை கேட்க ஆசை, துணைக்கு வந்தாளாம். அவளுக்குப் பக்கத்தில் சொத்திர் கிழவர். அந்தக் காலத்து அரசாங்க மண்ணெண்ணெய்க் கடையை நடத்தியவர். எண்பத்தைந்து வயசு. காதுக்கருவியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

பெத்ராக் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். 74ல் பூட்டு, மாண்டலின், எல்லை திறப்பு. வாங்கெல் சுரங்கத்துக்குப் போகவே இல்லை. சதுக்கத்தில் நின்று என்ன வேண்டுமானாலும் பேசினார், ஜனங்கள் சிரித்தார்கள், போலீஸ்காரரும் சிரித்தார். கடைசி வரிசையில் கட்டியிருந்த கை அவிழ்ந்தது. அவர் கர்ச்சீப்பைத் தேடினார்.

"ஆனால் 1981 நவம்பரில்," பெத்ராக் பக்கத்தைப் புரட்டினார், "தலைவர் தப்பித்து வந்து ஆட்சியைப் பிடித்தார். ஒரே ஒரு மத்தியானத்துக்கு மட்டும்."

ஹால் கொந்தளித்தது.

"எதுக்கய்யா திரும்பக் கூட்டிட்டு வந்தே?"

"ஒரு மத்தியானம் போதுமே, அந்த ஆளு நூறு பேரை உள்ள தள்ளிடுவானே!"

"வாத்தியாருக்கு இன்னும் அந்த விசுவாசம் விடல!"

ராய்மொண்டா மேஜையைத் தட்டிப் பார்த்தாள். யாரும் அடங்கவில்லை. பெத்ராக் காகிதத்தைக் கீழே வைத்தார்.

"விசுவாசம் ஒண்ணும் இல்லைய்யா. அந்த ஆளு எங்கப்பாவோட தோட்டத்தைப் பிடுங்கினான். என் வாலிபத்தைப் பிடுங்கினான். சிநேகிதனோட ஏழு வருஷத்தைப் பிடுங்கினான். எல்லாத்தையும் திருப்பி வாங்கிட்டேன், பதினாறு பக்கத்துல. ஆனா அவன் இல்லன்னா தட்டுப்பாடு இல்ல. தட்டுப்பாடு இல்லன்னா வரிசை இல்ல. வரிசை இல்லன்னா இவ என் பின்னால வந்து நின்னிருக்க மாட்டா." ஒலிம்பியைப் பார்த்தார். "என் வாழ்க்கையில அந்தப் பாவி எனக்குக் குடுத்தது இது ஒண்ணுதான். அதுக்காகத்தான் ஒரு மத்தியானம் கடன் கேட்டேன்."

சத்தம் அடங்கிவிட்டது. தெஃப்தா மூக்கை உறிஞ்சினாள். ஒலிம்பி மட்டும், என்னவோ மாட்டிக்கொண்டவள் மாதிரி, தலையைக் குனிந்து கைப்பையின் பித்தானைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

சொத்திர் கிழவர் காதுக்கருவியைச் சரிசெய்துகொண்டு, ஹால் முழுவதும் கேட்கும்படி சொன்னார்:

"என்ன தம்பி உளறறே? இந்தப் பொண்ணு காலையிலேயே மண்ணெண்ணெய் வாங்கிட்டுப் போயிட்டா. நீ வந்து நிக்கறதைப் பார்த்துட்டுத்தானே வீட்டுக்கு ஓடி, டின்னைக் காலி பண்ணிட்டு, மறுபடியும் உன் பின்னால வந்து நின்னா!"