முப்பத்தாறு ஸ்டிக்கர்

எலித்தோல் ஒட்டிய முப்பத்தாறு கண்ணாடித் துண்டுகளின் அடையாளத்தை ஒரே காலையில் அழித்தவன் நான். இதை மறைக்கவில்லை. ஆனால் மன்னிப்புக் கேட்க மாட்டேன், அன்றும் கேட்கவில்லை. (கேட்டேன் என்று என் மனைவி சரோஜா சொல்வாள். அது இருமல்.)

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் ஃபைனல் செக்கிங் பார்த்தேன். தைத்த பீஸ் பெட்டிக்குள் போகும் முன் அதைக் கடைசியாகப் பார்க்கும் கண் என்னுடையது. துண்டுகள் மாறிவிடாமல் இருக்க, கட்டிங்கிலேயே ஒவ்வொன்றிலும் எண் போட்ட குட்டி ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். பேக்கிங்குக்கு முன் அத்தனையையும் உரித்தாக வேண்டும். ஒன்று தப்பினாலும் வெளிநாட்டுக்காரன் பெட்டியோடு திருப்பிவிடுவான். ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும், ஆப்பிள் வாங்கினால் ஸ்டிக்கரை உரித்த பிறகுதான் எடை போடச் சொல்வேன்.

மருமகள் கவிதா கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். காயத்தில் கசக்கி வைப்போமே வெட்டுக்காயப் பூண்டு, அதன் சாறு புண்ணை எப்படி ஆற்றுகிறது என்பது அவள் கேள்வி. பன்னிரண்டு வெள்ளெலிகள். ஆறுக்குச் சாறு, ஆறுக்கு வெறும் களிம்பு. புண் ஆறிய இடத்துத் தோலை எடுத்து, மெழுகுக் கட்டியில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றுவார்கள். அவள் தேடும் புரதம் உள்ள செல் பழுப்பாகும். இல்லாதது நீலமாக நிற்கும். பழுப்பை எண்ண வேண்டும். எலிக்கு மூன்று ஸ்லைடு, மொத்தம் முப்பத்தாறு.

எண்ணும் வேலைக்கு நான் மூன்று முறை விண்ணப்பித்தேன். மூன்று முறையும், "இருக்கட்டுங்க மாமா."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரவல் வாங்கிய மைக்ராஸ்கோப்பும் ஸ்லைடு பெட்டியும் திருப்பூர் மண்ணரையில் இருக்கும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தன. வெள்ளிக்கிழமைக்குள் எண்ணிக்கை கொடுக்க வேண்டும். தலைக்குக் குளிக்கப் போன கவிதா, "பெட்டிய யாரும் தொடாமப் பாத்துக்குங்க மாமா" என்றாள். யாரும் தொடவில்லை. நான் மட்டும்தான்.

திறந்து பார்த்தால் ஒவ்வொரு ஸ்லைடிலும் ஸ்டிக்கர். அதிலும் ஒன்பது கோணல். உரித்தேன். அடியில் பென்சில் கிறுக்கல். எங்கள் தொழிலில் அதுவும் ரிஜெக்ட், ரப்பரால் அழித்தேன். உரித்ததை எல்லாம் காலண்டர் தாளில் வரிசைக்கு ஆறாக ஒட்டினேன். கணக்கு சரியாக இருந்தது. பிறகு ஷேடு. அடர்பழுப்பும் வெளிர்பழுப்பும் கலந்து கிடந்தால் எந்த செக்கருக்குத்தான் பொறுக்கும்? அடர்ந்ததிலிருந்து வெளிறியது வரை அடுக்கி மூடினேன். நாற்பது நிமிடம்.

கவிதா தலையைத் துவட்டிக்கொண்டே வந்து மூடியைத் திறந்தாள்.

"மாமா, ஸ்டிக்கர் எங்கீங்க?"

காலண்டர் தாளை நீட்டினேன். "முப்பத்தாறும் இருக்குது கண்ணு. ஒண்ணுகூடக் கொறையல."

"அடியில பென்சில்ல எலி நம்பர் இருந்துதுங்களே?"

"சுத்தமா அழிச்சாச்சு."

"வெச்ச வரிசையாச்சும்…"

"அது கண்டபடி கெடந்துது. ஷேடு பாத்து மாத்திட்டேன்."

அவள் ஈரத்தலையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சரோஜா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, சித்த நேரம் சும்மா உக்கார முடியாதுங்களா?"

"எது எந்த எலின்னு எனக்கே தெரியக் கூடாதுன்னுதான் எங்க சார் பென்சில் நம்பர மறைச்சு ஸ்டிக்கர் ஒட்டுனாரு" என்றாள் கவிதா. "தெரிஞ்சா கண்ணு மருந்துப் பக்கமாவே எண்ணும்."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நானே காவலிருந்திருப்பனே சாமி. எந்த டெய்லர் தச்ச பீஸுன்னு நாங்களும் செக்கருக்குச் சொல்ல மாட்டோம்."

"பன்னண்டு எலி செத்திருக்குதுங்க மாமா. ஒண்ணையும் வீணாக்க மாட்டேன்னு, எலிக்கு அனுமதி குடுக்கற கமிட்டிக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கறேன். இன்னும் பன்னண்டு குடுங்கன்னு எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போய்க் கேக்கறது?"

அவள் அழுதாள். பதினோரு நிமிடம் கழித்துக் கேட்டேன்.

"அந்த மெழுகுக் கட்டி பன்னண்டும் பத்திரமா இருக்குதா?"

"இருக்குதுங்க. பழுப்பு ஏத்தற மருந்து தீந்துபோச்சு. வர ரெண்டு மாசமாகும்."

"பழுப்பு வேண்டாம். கட்டிக்கு ஒண்ணு சீவி, நம்பர் போட்டுத் தரச் சொல்லு. துணிய அடுக்கி வெச்சு வெட்டுனா மேல்துண்டுக்கும் அடித்துண்டுக்கும் ஓரம் ஒண்ணாத்தான இருக்கும்? ஒரே கட்டில சீவுன தோலும் அப்படித்தான?"

அவள் தலையை நிமிர்த்தினாள்.

அவளுடைய பேராசிரியர் யோசனையை ஏற்றார், ஒரு நிபந்தனையோடு. எந்த எலிக்கு எது தடவினோம் என்று கவிதாவுக்குத் தெரியும், ஆகவே அவள் பக்கத்திலேயே வரக் கூடாது. "ஒன்னுமே தெரியாத ஆளா ஒருத்தர் வேணும்" என்றாராம். வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

செவ்வாயும் புதனும் அவிநாசி வழியாகப் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போனேன். துணியில் நூல் எண்ணும் என் பூதக்கண்ணாடியைத்தான் கொண்டுபோனேன். ஒரு தோலில் இடது ஓரம் கவ்விய மாதிரி வெட்டு. இன்னொன்றில் மூன்று முடிக்குழி. பன்னிரண்டு புதிய ஸ்லைடுகளோடு பழையவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். முப்பத்துநான்கு சேர்ந்தன. இன்னொரு மாணவர் தனியாகச் சரிபார்த்தார், அதே முப்பத்துநான்கு. இரண்டில் தோல் மடிந்து போயிருந்தது, எதோடும் சேரவில்லை. பேராசிரியர் புது ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார். கவிதா வெள்ளிக்கிழமை மாலை எண்ணி முடித்தாள். புது எலி ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

அவள் ஆய்வேட்டில் அறுபத்தொன்றாம் பக்கத்தில், இரண்டு ஸ்லைடுகள் 'கையாளும்போது அடையாளம் இழந்ததால்' நீக்கப்பட்டதாக ஒரு வரி உண்டு. என் பெயர் இல்லை. ஆனாலும் அது என் வரி என்று உறவு முழுக்கத் தெரியும். மடிந்த பீஸ் எப்படியும் ரிஜெக்ட்தான் என்று நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்? வீட்டில் சாவி காணோம் என்றாலும், மகன் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அப்பா உரிச்சிருப்பாரு" என்கிறான்.

கவிதா இப்போது அதே கல்லூரியில் வேலை பார்க்கிறாள். போன வாரம் வேறு பெட்டி ஒன்று வீட்டுக்கு வந்தது. மூடியின் மேல் ஸ்டிக்கர்: 'மாமா, உரிக்காதீங்க.'

கோணலாக ஒட்டியிருந்தாள். உரித்து, நேராக ஒட்டி வைத்தேன்.